செய்யாத ஜெபத்துக்கு வாங்கிய நன்றி

நான் விழுந்தது கர்த்தருடைய வேலையில் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாயாலேயே மறுத்த பிறகும் எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூணாறிலிருந்து வட்டவடை போகிற பாதையில் இருக்கிறது எங்கள் தேயிலை எஸ்டேட். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள், நடுவில் தேயிலைச் சரிவு. டிசம்பர் பிறந்துவிட்டால் இரண்டு லயத்துக்கும் ஒரே பேச்சுதான், யாருடைய ஸ்டார் உயரம் என்று. மூங்கில் சட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, கழியில் ஏற்றிக் கட்டுவோம். எங்கள் லயம் மேட்டில் இருப்பதால் நாங்கள் அதிகம் மெனக்கெட்டதில்லை. அந்த வருஷம் கீழ் லயத்துக்காரர்கள் மூங்கிலோடு மூங்கிலை வைத்துக் கட்டி, பள்ளத்தில் இருந்துகொண்டே எங்கள் ஸ்டாரை ஒரு முழம் தாண்டிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஜீப் ஓட்டுகிறவன். வாரநாட்களில் வட்டவடை காரட்டும் முட்டைக்கோசும் மூணாறுக்கு ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வருகிறவர்களை ஏற்றுவேன். கர்த்தர்மேல் எனக்குக் கோபமோ வருத்தமோ கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல சவாரி கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம். முதலில் ஒரு வாரம் ஆராதனை விட்டுப்போனது, பிறகு ஒரு மாதம், பிறகு கிறிஸ்துமஸ் மட்டும் என்று ஆனது. தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். மனைவியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரம்தான் எஸ்டேட்டிலேயே உயரமானது. எங்கள் கோயிலை நடத்துகிற உபதேசியாரிடம் போய், "கோயிலுக்கு ஒரு ஸ்டார் கட்டித் தாரேன்யா" என்றேன். பல வருஷமாக வாசலோடு திரும்பிப்போன ஆடு தானாக உள்ளே வந்துவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே தலையில் கை வைத்து ஜெபித்தார். என் மனைவிக்கு மட்டும் சந்தேகம். "இந்த வயசுல எதுக்கு ஏறுதீங்க? கீழ் லயத்துக்காரங்களோட போட்டியா?" என்று மரத்தடி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சில்வர் ஓக் கிளையை நம்ப முடியாது, சட்டென்று முறியும் என்பது எஸ்டேட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஸ்டாரை நன்றாகவே கட்டினேன். கட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். கீழ் லயத்து ஸ்டார் நம்முடையதைவிட எவ்வளவு தாழ்வாகத் தெரிகிறது என்று பார்க்க ஒரு கிளையைப் பிடித்துச் சாய்ந்தேன். ரொம்பத் தாழ்வாகத்தான் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தோடு கிளையும் நானும் சேர்ந்து கீழே வந்தோம்.

இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்து, இடுப்பும் விட்டுப்போனது. என் ஜீப்பிலேயே என்னைப் பின்னால் படுக்க வைத்து, மறையூர், உடுமலை வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓட்டினார். வளைவில் அவர் கியர் மாற்றுகிற லட்சணத்தைக் கேட்க எனக்கு வலியைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. திட்டிக்கொண்டே போனேன். "கால் ரெண்டா கெடக்கு, வாய் மட்டும் முழுசா இருக்கு. பேசாம படுங்க" என்றாள் மனைவி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். காயத்தில் சீழ் பிடித்துக்கொண்டதால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. "நடந்துடுவீங்க. ஆனா கிளட்ச் மிதிக்க முடியுமான்னு இப்போ சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கிளட்ச் மிதிக்காத இடது கால் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்லாமல் எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டு கிடந்தேன்.

வந்தவர்கள் எல்லாம் ஜெபித்தார்கள். மலையிலிருந்து வேன் பிடித்து ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொள்வார்கள். "உம்முடைய ஆலயத்துக்கு நட்சத்திரம் கட்ட ஏறின உம்முடைய அடியானை நினைத்தருளும்" என்று உபதேசியார் ஆரம்பித்தால் சீக்கிரத்தில் முடிக்க மாட்டார். எனக்குக் கூச்சமாக இருக்கும். உண்மையைச் சொல்லலாம் என்றால், அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எலப்புள்ளிக்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற விவசாயி, என் வயதுதான் இருக்கும். வயலில் முள் குத்தியதைச் சர்க்கரை வியாதியோடு சேர்த்து அலட்சியம் செய்ததில் பாதம் முழுக்கப் புண்ணாகி வந்திருந்தார். ஒருநாள் எங்கள் ஆட்கள் ஜெபித்துவிட்டுப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க ஜீப்புக்காரரே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"உங்க ஆளுங்க சாமி கும்பிடறப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கறாங்க. நீங்க மட்டும் அந்த ஆரஞ்சையே பாத்துக்கிட்டிருக்கீங்களே, அது ஏனுங்க?"

"நீங்க ஏன் முழிச்சிருந்தீங்க?"

"நான் உங்க ஆளு இல்லீங்களே. வேடிக்கை பாத்தேனுங்க."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். ஆரஞ்சில் பாதி அவருக்குப் போகும். சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கிறாயே என்று நர்ஸ் இருவரையும் சேர்த்துத் திட்டுவார். அவர் தென்னையைப் பற்றிப் பேசுவார், நான் வளைவுகளைப் பற்றிப் பேசுவேன். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பொழுது நன்றாகப் போனது.

பிறகு ஒருநாள் சாயங்காலம் டாக்டர் வந்து, மறுநாள் காலையில் அவருக்கு ஆபரேஷன் என்றும் முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். எலப்புள்ளிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. எங்க ஊட்டுல மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்காங்க. இருந்தாலும் பக்கத்துல படுத்திருக்கறவரு சொன்னா நல்லதுங்களே."

"கண்டிப்பா செய்யுதேங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன். வலிக்கு ஊசி போட்டார்கள். கண்ணை மூடினேன். திறந்தபோது விடிந்திருந்தது, பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

சாயங்காலம் அவரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் என்னைத்தான் தேடினார். "முன்பாதத்தோட நிறுத்திட்டாங்க. முழங்காலு தப்பிச்சுது. நீங்க சொன்ன வார்த்தைதானுங்க" என்று, ஊசி குத்தியிருந்த கையோடு கும்பிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய விசுவாசி மாதிரித் தலையை ஆட்டி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

மாடு மேய்கிற காட்டைக் காட்டி, புலி நடமாடும் இடம் என்று சுற்றுலாக்காரர்களிடம் எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு நாளும் உறுத்தியதில்லை. இது உறுத்தியது. பயந்துபோன ஒரு மனிதர் என்னை நம்பி ஒன்று கேட்டார். நான் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, அதற்கு நன்றியையும் வாங்கிக்கொண்டேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மத்தியானம் வார்டே சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். 'ஆண்டவரே, இது முந்தாநாள் சொல்லியிருக்க வேண்டியது. உமக்குக் காலம் நேரம் கிடையாது என்று ஞாயிறு பள்ளியில் சொன்னார்கள். அது நிஜமானால் இதை முந்தாநாள் ஜெபமாகவே வைத்துக்கொள்ளும்' என்று ஆரம்பித்தேன். அவருக்காகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஸ்டாரைப் பற்றிச் சொன்னேன். வாசலோடு வண்டியைத் திருப்பிய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இனி வண்டி ஓட்ட முடியாவிட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. வார்டில் யார் காதிலும் விழாத அதை யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. போர்வைக்குள் தேம்புவதைப் பார்த்த மனைவி, வலிதான் தாங்கவில்லை என்று நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். இன்னொரு ஊசி போட்டார்கள்.

எலப்புள்ளிக்காரரிடம் உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன். ஒவ்வொரு நாளும் தென்னையில் போய் முடிந்தது. அவர் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் லயத்துக்கு வந்த பிறகு வாக்கர் பிடித்து நடக்கப் பழகினேன். மேல் லயம் முழுக்க வாசலில் நின்று, இன்றைக்கு எத்தனை வீடு தாண்டினேன் என்று பார்க்கும். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வாரம் ஒருமுறை வந்து காயத்துக்கு மருந்து வைத்து, காலை மடக்கி நீட்ட வைப்பார். ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லாததால் கோயிலுக்குப் போனேன். சவாரி இல்லாததால்தான் போனேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, சுகமானவர்கள் சபைக்கு முன்னால் சாட்சி சொல்கிற வழக்கப்படி என்னை எழுப்பினார்கள். "நான் கோயிலுக்காக ஏறலை. கீழ் லயத்துக்காரங்களை ஜெயிக்கத்தான் ஏறினேன். உபதேசியார் அய்யாகிட்டயும் பொய் சொன்னேன்" என்றேன். கீழ் லயத்துப் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பி, கோயில் முழுக்கப் பரவியது. உபதேசியார் குனிந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், தோள் மட்டும் குலுங்கியது. அன்றைக்கு அவர் செய்த ஜெபம்தான் நான் கேட்டதிலேயே சின்னது. எலப்புள்ளிக்காரர் விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. அது சபையிடம் சொல்ல வேண்டியதும் அல்ல.

மழைக்காலம் முடியும்போது கிளட்ச் கால் வழிக்கு வந்தது. முதல் நாள் வண்டியை எடுத்தபோது மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாலியேட்டிவ் நர்ஸுக்கு மலைமேல் போக வண்டி அகப்படாது என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் நான் வண்டியோடு வருகிறேன் என்றேன். நர்ஸ் மருந்து வைக்கும்போது நான் படுத்திருப்பவர்களுக்கு முகச்சவரம் செய்துவிடுவேன், நகம் வெட்டுவேன். படுத்துக் கிடப்பவனுக்கு எங்கே அரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர் வம்பு ஒன்று விடாமல் சொல்வேன். போகிற வீடெல்லாம் சிரிப்பாக இருக்கும். இதற்காகத்தான் நான் எழுந்து நடந்தேன் என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றே ஒன்று வரவில்லை. "எனக்காக ஜெபிங்க" என்று யாராவது கேட்டால் உபதேசியாரை அனுப்புகிறேன் என்று நழுவிவிடுவேன். அந்தக் கும்பிட்ட கை ஞாபகத்துக்கு வந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். புற்றுநோயில் கிடந்த ஒரு அம்மாள், "அவர் வர்றதுக்குள்ள நான் போயிட்டா?" என்று கேட்டார். அந்த வாரமே மனைவியை ஏற்றிக்கொண்டு, உடுமலை, பொள்ளாச்சி வழியாக எலப்புள்ளிக்கு வண்டியை விட்டேன்.

அவர் தென்னந்தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதத்துக்கென்று தனியாகச் செய்த செருப்பு போட்டிருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்து முடித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு குடிக்காமலே சொன்னேன்.

"அன்னைக்கு நான் உங்களுக்காக ஜெபம் பண்ணலைங்க. தூங்கிட்டேன். மறுநாள் நன்றியை மட்டும் வாங்கிக்கிட்டேன்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தெரியுமுங்க. குறட்டை சத்தத்துல நான் எங்கிங்க தூங்கறது?"

"அப்புறம் ஏங்க கும்பிட்டீங்க?"

"செய்யறேன்னு சொன்னீங்களே. உள்ள தூக்கிட்டுப் போறப்ப அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தானுங்க போனேன். நீங்க தூங்குனா என்னங்க, உங்க சாமியுமா தூங்கிருச்சு?"

அவர் இளநீரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "மனசு கேக்கலைன்னா இப்பச் சொல்லிப்போடுங்க. இன்னொரு காலு இருக்குதுங்களே, அதுக்குச் சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடினேன். சத்தமாக ஜெபித்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக. அவருடைய மிச்சமிருக்கிற காலுக்காகவும், அவர் மனைவிக்காகவும், தோப்புக்காகவும் கேட்டேன். எனக்குக் கிடைத்த காலுக்காக நன்றி சொன்னேன்.

முடிக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நான் ஆமென் சொல்வதற்கு முன்னால் அவர் தலையாட்டி, "சரிங்க" என்றார்.