ஏழு தரம் கேட்ட பெயர்

"அவன்ட பேர் அந்தக் கலியாணக் கடதாசியில இருந்தா, நான் உனக்கு வலீயா நிக்கமாட்டன்! சொல்லிப்போட்டன்!"

"சாச்சாவை வந்து சாப்பிடச் சொல்லுங்க எண்டுதானே கேக்கிறன், வாப்பா!"

"பெத்த தாய்ட மையத்த அடக்க வராதவனுக்கு என்ன சாப்பாடு?"

குறிஞ்சாக்கேணியில், எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், பகல் மூன்று மணிக்கு இப்படிச் சண்டை. நான் ஒட்டுக்கேட்கவில்லை. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை நாலு தரம் உதறியது உண்மை. இனிச் சொல்வதும் அதே அளவுக்கு உண்மை. பாதியை என் காதால் கேட்டேன். மீதியை அந்தப் பிள்ளை ஸுல்பிகாவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவளுடைய வாப்பா ஸஹாப்தீன் நானா வள்ளத்து இஞ்சின் திருத்துகிறவர். குரலும் இஞ்சின்தான். தம்பி அபூதாஹிரோடு ஏழு வருடமாகக் கதை இல்லை. ஸுல்பிகாவுக்கோ அந்தச் சாச்சா என்றால் உயிர். ஒன்பது நாளில் கலியாணம். பெண்ணைப் பொறுப்பாக நின்று கட்டிக்கொடுக்கும் வலீ, தகப்பன்தான். அவர் முகத்தைத் திருப்பினால் நிக்காஹ் நின்றுவிடும்.

அழுதுகொண்டே அறைக்குள் போனவள் லப்டொப்பைத் திறந்தாள். திருகோணமலை டவுனில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய் மூன்றே வாரம். அதற்குள் கலியாணப் படிவம் நிரப்ப ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். அது ஒவ்வொரு பெயராகக் கேட்கும். பதில் சரிவராவிட்டால் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அதற்கு 'லூப்' என்று பெயராம். எங்கள் வீட்டில் அதற்கு மாமியார் என்று பெயர்.

மணி 3.12.

மணமகள் பெயர்? அடித்தாள். ஏற்றுக்கொண்டது. மணமகன் பெயர்? இக்ராம். ஏற்றுக்கொண்டது.

வலீயின் பெயர்? 'ஸஹாப்தீன்' என்று அடித்து என்டரைத் தட்டினாள்.

மீண்டும் எழுதவும். வலீயின் பெயர்?

எழுத்துப் பிழையாக்கும் என்று நினைத்து மறுபடி அடித்தாள். குசினியில் வாப்பா இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"நான் உயிரோட இருக்குமட்டும் அவன் இந்த..."

என்டர்.

குரல் நின்றது. கறிச்சட்டியில் உம்மாவின் அகப்பை சுரண்டும் சத்தம் மட்டும். பிறகு, விட்ட இடத்திலிருந்தே...

"...வாசல மிதிக்கக் கூடாது!"

மீண்டும் எழுதவும். வலீயின் பெயர்?

மூன்றாம் தரம். குரல் அறுந்தது. நாலாம் தரம் இன்னும் கொஞ்சம் நேரம். ஐந்தாம் தரம்... மதிலுக்கு இந்தப் பக்கம் நான், மனுசன் தண்ணி குடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஆறாம் தரம் தட்டிவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

வாப்பா நின்றார். கை உயர்ந்தபடி. வாய் திறந்தபடி. கண் இமைக்கவில்லை. பின்னால் உம்மா ஒன்றும் அறியாமல் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

கை இறங்கியது.

"வாப்பா... உங்களுக்கு ஏலாதா?"

"எனக்கென்ன? நீ ஏன் பேயக் கண்டவள் மாதிரி நிக்கிறாய்?"

திரும்பி வந்தாள். ஏழாம் தரம், கவனமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

என்டர்.

மௌனம்...

நான் ஐம்பது வரை எண்ணினேன்.

அகப்பைச் சத்தம்... அகப்பைச் சத்தம்...

அவள் வேறொரு பெயரை அடித்தாள்.

அபூதாஹிர்.

ஏற்றுக்கொண்டது.

குசினியில் வாப்பா இருமினார். மணி 3.19.

அதற்குப் பிறகு எட்டு நாள் ஒன்றுமே இல்லை. கலியாணத்துக்கு முதல் நாள், பகல், கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு எத்தனை வைப்பது என்று குசினியில் கத்திக்கொண்டிருந்த ஸஹாப்தீன் நானா பாதிச் சொல்லில் நிறுத்தினார். உம்மா கறியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இந்த முறை அந்தச் சொல்லின் மீதி வரவில்லை. உதவிக்கு அங்கே போயிருந்த நானே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். 3.19.

ஸஹாப்தீன் நானாவை அடக்கினார்கள்; கலியாணம் மூன்று மாதம் தள்ளிப்போனது. ஆண் சகோதரமோ வாப்பாவின் வாப்பாவோ இல்லாத பிள்ளை. அடுத்த வலீ சாச்சாதான். குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்த அபூதாஹிர், அழுதபடியே நின்று கட்டிக்கொடுத்தார்.

இடையில் அந்தப் புரோகிராமை வகுப்பு டீச்சர் ஜெனிதாவிடம் காட்டியிருக்கிறாள்.

"இதில பிழை ஒண்டும் இல்ல, ஸுல்பிகா. பேர் எழுதாம வெறுமையா விட்டா மட்டும்தான் திரும்பக் கேக்கும். எந்தப் பேரை அடிச்சாலும் எடுத்துக்கொள்ளும்."

"நான் வாப்பாட பேரை ஏழு தரம் அடிச்சனான், டீச்சர்."

ஜெனிதா லப்டொப்பை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டாராம்.

ஸுல்பிகா இக்ராமோடு கப்பல்துறைக்குக் குடிபோனாள். சாமான் ஏற்றிய அன்று, லப்டொப்பை என்ன செய்தாய் என்று கேட்டேன். அலுமாரியில் வைத்துப் பூட்டியதாகச் சொன்னாள். பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கட பேரை ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டா, மாமி?"

இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்று இருப்பவள் நான். அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.