கண்டி ஸ்டேஷனில் கோப்பி வாங்க இறங்கிய அப்பா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் எழுத்துப் பிழைகளும் கிடக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்தியின் கல்யாணத்துக்காக வத்தேகமையிலிருந்து கண்டிக்கு வந்து, கொழும்பு ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். அம்மா கொழும்பைக் கண்ணால் கண்டதில்லை. ரயில் புறப்பட நேரம் இருக்கிறதென்று அப்பா கூஜாவோடு கோப்பியும் வடையும் வாங்க இறங்கினார். டிக்கெட்டுகள் அவருடைய கோட்டுப் பையில்.

அப்பாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கிளாஸ் கோப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி, கடைக்காரரோடு பேசிக்கொண்டே நின்றார். கார்டு விசில் ஊதினார்.

“என்னங்க!” என்றார் அம்மா. மேடையில் நின்ற நாலைந்து ஆண்கள் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை.

“நீ கூப்புடுடா!”

“அப்பா” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“வாய்க்குள்ள என்னடா, கொழுக்கட்டையா?”

எதிரில் இருந்தவர், “பேரச் சொல்லிக் கூப்புடுங்கம்மா. ரயிலு ஒங்களுக்காக நிக்குமா?” என்றார்.

அம்மா அவரை முறைத்தார். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால்கூட அப்பாவின் பெயரை நான்தான் சொல்ல வேண்டும். அம்மா வாயில் அது வந்ததே இல்லை.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அப்பாவின் பெயரை, முழுப் பெயரையும், அடித்தொண்டையிலிருந்து கத்தினார். மேடையே திரும்பிப் பார்த்தது. அப்பா ஓடிவந்து தொற்றிக்கொண்டார். கோட்டெல்லாம் கோப்பி. வடைப் பொட்டலம் மட்டும் பத்திரமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்ததுபோல நான் இரண்டு வடைகளை அடுத்தடுத்துத் தின்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பேராதனை தாண்டித்தான் பேச்சு வந்தது.

“அப்படி என்ன பேச்சு அந்தாளோட?”

“மழையப் பத்தித்தான்” என்றார் அப்பா.

ரம்புக்கனையில் அப்பா மறுபடியும் இறங்கினார். தண்ணீர் வேண்டுமாம். கூஜாவை எடுக்க மறந்துவிட்டார். யாரோடும் பேசாமல், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சும்மா நின்றார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஊதியதும் எனக்குப் பொறுக்கவில்லை. தொண்டை கிழிய, “அப்பா!” என்று கத்தினேன்.

உடனே திரும்பி வந்து ஏறினார். ஆனால் அவர் முகம் ஏன் அப்படி வாடியிருந்தது, அம்மா ஏன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. சரியான நேரத்தில்தானே கூப்பிட்டேன்?

14.2.1965