மூன்றாவது இளைஞனின் குரல்

இது நடந்தது. நடந்த அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. பேய்ப்படம் பார்த்துவிட்டுப் படுத்து எழுந்தவனும் இல்லை. அமாவாசையோ நள்ளிரவோ கிடையாது. நல்ல வெயில் காயும் மதியம், மணி மூன்று. இருட்டிய பிறகுதான் பேய்க்கு வேலை நேரம் தொடங்கும் என்று நம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டால் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

என் குரலை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். முகம்தான் தெரியாது. படத்தில் கட்டடம் தீப்பிடித்ததும் "ஓடுங்க, ஓடுங்க!" என்று ஒருவன் கத்துவானே, அது நான். கதாநாயகன் குறுக்கே பாயும்போது "யோவ், சாவுகிராக்கி!" என்று திட்டும் வண்டிக்காரனும் நானே. டப்பிங்கில் இதைக் கூட்டக் குரல் என்பார்கள். பத்துப் பேராகக் கத்துவேன். திரையில் பெயர் போடும்போது ஒருவனாகக்கூட இருக்க மாட்டேன்.

இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவர் அத்தான், அக்காவின் கணவர். அப்பா போன பிறகு பள்ளிக்கூடச் செருப்பிலிருந்து எல்லாம் அவர் வாங்கித் தந்ததுதான். அதை அவர் மறக்கவில்லை. என்னையும் மறக்க விடவில்லை.

அத்தான் பயண ஏற்பாட்டாளர். அப்படிச் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். 'அகில உலக இளையோர் பயணப் பேரவையின் நிறுவனத் தலைவர்' என்று மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டும். அந்த அகில உலகமும் ஒரு மூன்றாவது மாடியில், இரண்டு அறைக்குள் அடங்கியிருந்தது. உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில் பனிமலை முன்னால் அத்தான். பக்கத்துச் சுவரில் பாலைவனத்தின் நடுவே அத்தான். இரண்டிலும் அதே கோட்டு, அதே சிரிப்பு, நெற்றியில் அதே இடத்தில் விழுந்த அதே வெளிச்சம். பேருந்து ஏறினாலே அத்தானுக்கு வாந்தி வரும் என்பது குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ரகசியம்.

அவருடைய புதுத் திட்டத்துக்கு 'மௌனப் பயணம்' என்று பெயர். இளைஞர்கள் கைபேசியைப் பேரவையில் ஒப்படைத்துவிட்டு, பதினைந்து நாள் மலையில் இயற்கையோடு வாழ வேண்டும். வீட்டார் பயப்படாமலிருக்க, பேரவையின் எண்ணிலிருந்து அவ்வப்போது பையன்களின் குரல் செய்தி போகும். முதல் அணியில் நான்கு பையன்கள் கிளம்பினார்கள். அத்தான் கொடியசைத்தார். படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால், வண்டி போன பிறகு வெறும் தெருவைப் பார்த்து இன்னொரு தடவை அசைத்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு விளம்பரம். பசங்க மலையிலேர்ந்து வீட்டுக்குப் பேசற மாதிரி. உன் தொண்டைக்குள்ள எத்தன பசங்க இருக்கானுங்க?"

"எத்தன வேணும் அத்தான்?"

"நாலு."

நாலு என்றதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வளர்த்தவர் சொல்வதை யோசித்துப் பார்ப்பதே நன்றிகெட்டதனம் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்.

தாளில் இளைஞன் ஒன்று, இளைஞன் இரண்டு என்று போட்டிருந்தது. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வசனம். "அம்மா, நல்லா இருக்கேன். குளிர்ல தொண்டை கட்டிக்கிச்சு. கவலப்படாதீங்க."

"கரகரன்னு பேசு மாப்ள. அப்பத்தான் நெஜமா இருக்கும்."

கரகரவென்று பேசினேன். இரண்டு நாளைக்கொரு முறை புது வசனம் வந்தது. விளம்பரத்துக்கு எதற்கு இத்தனை வசனம் என்று கேட்டதற்கு, "உலகத் தரம்னா சும்மாவா?" என்றார்.

ஸ்டூடியோவும் அதே கட்டடத்தில்தான், தரைக்குக் கீழே. கதவை மூடினால் வெளியுலகம் செத்துப்போகும். நான் நிற்கும் கூண்டுக்கும் ஒலிப்பதிவாளரின் அறைக்கும் நடுவில் தடித்த கண்ணாடி. ஒலிப்பதிவாளருக்கு எங்கள் தொழிலில் 'காது' என்று பட்டப்பெயர். எறும்பு தும்மினாலும் 'ஒன்ஸ் மோர்' கேட்கிற ஆள்.

பையன்கள் போய் ஒன்பதாவது நாள். மூன்று மணிக்குள் முதல் இரண்டு இளைஞர்களை முடித்துவிட்டேன். சத்தம் விழக்கூடாது என்று ஏசியை அணைத்திருந்தார்கள். கழுத்தில் வேர்வை வழிந்தது.

இளைஞன் மூன்று.

"அம்மா, நான்தான். இங்க..."

"அம்மா இல்ல."

ஹெட்போனுக்குள் யாரோ சொன்னார்கள். நிறுத்தினேன்.

"என்னண்ணே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் சொல்லலயேப்பா. நீ ஏன் நிறுத்தின?"

அவர் என்னிடம் பேசுவதென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் என் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியவில்லை.

மறுபடி தொடங்கினேன்.

"அம்மா, நான்..."

"அம்மா இல்ல... அண்ணி."

சின்ன வயதுக் குரல். கரகரத்த குரல். நான் நடித்துக் காட்டிய கரகரப்பு அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. வார்த்தைக்கு வார்த்தை எதையோ கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

கழுத்து வேர்வை சட்டென்று சில்லிட்டது.

"மெஷின்ல ஏதோ கோளாறு போல," என்றார் காது. "ரூம் டோன் ஒண்ணு எடுத்துப் பாத்துடறேன். அரை நிமிஷம் ஆடாம அசையாம நில்லு."

வெறும் அறையின் அமைதியைப் பதிவுசெய்வதற்குத்தான் ரூம் டோன் என்று பெயர். வசனங்களுக்கு நடுவில் ஒட்டுப்போட உதவும். நின்றேன்.

அமைதி.

பிறகு... தண்ணீர். எங்கோ கல்லில் பட்டு ஓடுகிற தண்ணீர்.

அதற்கு மேலே ஒரு மூச்சு. கஷ்டப்பட்டு உள்ளே போனது... நின்றது... வெளியே வந்தது.

"டேய், மூச்ச விடாதடா. மைக்குல விழுது."

நான் ஏற்கெனவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வாயைப் பொத்தி, தலையை ஆட்டிக் காட்டினேன்.

காதின் கண் என் பொத்திய வாயிலிருந்து எதிரிலிருந்த திரைக்குப் போனது. திரையில் பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது.

தேநீரைக் கீழே வைத்தார்.

மைக்குக்கு முன்னால் ஒரு மெல்லிய வலை இருக்கும். பேசுகிறவனின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்க. நான் பேசினால் அது மைக் பக்கமாக அசையும்.

அது என் பக்கமாக உப்பியது.

"அண்ணி..."

மறுபடியும்.

"அண்ணி..."

என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை.

"அண்ணி, இங்கதான் இருக்கேன். சீக்கிரம் வாங்க."

தாளில் அந்த வசனம் இல்லை. குரலும் என்னுடையது இல்லை.

மணி 3.17. கதவு திறந்தது.

அத்தான். கோட்டோடு, மூன்று மாடி இறங்கி வந்த இரைப்போடு.

"மாப்ள, ஒரு சின்னத் திருத்தம். மூணாவது பையனுக்கு அம்மான்னு வேணாம். அண்ணின்னு மாத்திக்க."

காதுதான் மெதுவாகச் சொன்னார்: "இப்பத்தான் சார்... அப்படியே சொன்னான்."

அத்தான் என்னைப் பார்த்தார். "யாரு சொன்னா உனக்கு?"

எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த விளம்பரத்துல அத்தான், ஒரு பையன் பெத்தவள அண்ணின்னு கூப்பிடுவான்?"

பனிமலைச் சிரிப்பு ஒரு கணம் வந்தது. நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"அந்தப் பசங்க எங்க?"

"மலையில."

"மலையில எங்க?"

"...பள்ளத்துல."

கிளம்பிய அன்றே வண்டி உருண்டிருக்கிறது. ஓட்டுநர் குதித்துத் தப்பி, அத்தானுக்கு மட்டும் பேசியிருக்கிறான். நாலு பேரும் முடிஞ்சுட்டாங்க என்று அவன் சொன்னதை அத்தான் அப்படியே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார். வண்டிக்கு அனுமதி கிடையாது. அதைவிடப் பெரிய சங்கடம், அவருக்கு 'பயண வேந்தர்' பட்டம் கொடுக்கும் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டத்தைக் கொடுப்பது அகில உலகப் பேரவை. பேரவையின் தலைவர் யார் என்று சொல்லியாயிற்று.

"போன உயிர் திரும்பவா போகுது மாப்ள? நாளன்னிக்கு விழா. முடிஞ்சதும் நானே போய்ச் சொல்லிடறேன். ஒம்பது நாளா நாலு வீட்டுல நிம்மதியா தூங்கறாங்க. யாரால? உன் குரலால. புண்ணியம்டா அது."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான உன் பேரையே சொன்னா."

இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது, வீட்டுக்காரியின் சமயோசிதத்தைப் பாராட்டுகிற மாதிரி. சின்ன வயதில் நான் தெருக்காரர்களைப் போலப் பேசிக் காட்டினால் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் தொண்டைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனேன். அத்தான் குறுக்கே நின்றார்.

"வளத்தவனுக்குச் செய்யற கைம்மாறா இது?"

"நகருங்க அத்தான்."

நகரவில்லை. தள்ளிவிட்டுப் படியேறினேன்.

மூன்றாவது மாடியில், பனிமலை அத்தானுக்குக் கீழே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மடியில் பை, அதற்குள் ஒரு கம்பளிச் சட்டை. தொண்டை கட்டியிருக்கும் பையனுக்கு எப்படியாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருக்கிறார்.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

"நீயா தம்பி பேசினது?"

என் கண் அந்தக் கம்பளிச் சட்டைக்குப் போனது.

"அப்பவே நெனச்சேன். எம்புள்ள என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்ல. வீட்ல கொழுந்தனுங்க மூணு பேரு. அவனுங்க கூப்பிடறதக் கேட்டுக் கேட்டு இவனுக்கும் நான் அண்ணிதான். அடிச்சுக்கூடப் பாத்தேன், மாத்திக்கல. காலையில உங்க தலைவர்கிட்ட சொன்னேன். செய்தி தப்பா வந்திருக்கும், சரி பண்ணி வாங்கித் தரேன்னார்."

சரிபண்ண வந்த இடத்தில்தான் அத்தான் என்னிடம் மாட்டிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணி என்ற வார்த்தை எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கத்தவில்லை. கம்பளிச் சட்டையைப் பைக்குள் திணித்து, திணித்து, பிறகு எழுந்து, "எந்த மலை?" என்று மட்டும் கேட்டார்.

நான் கூப்பிட்ட காவல்துறை வர அரை மணி ஆனது. ஓட்டுநரைப் பிடித்து இடத்தைக் கேட்டு வாங்க இருட்டிவிட்டது. கயிறு கட்டி இறங்கிய மீட்புக்காரர்கள் மறுநாள் காலை ஆறரைக்குத்தான் பள்ளத்தின் அடியைத் தொட்டார்கள். அதற்குள் அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'வளத்த கடா மார்புல பாஞ்சிடுச்சு.' அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

நான்கு உடல்களையும் மேலே கொண்டுவந்தார்கள். அண்ணிக்குத் துணையாக நான் ஆஸ்பத்திரியில் நின்றேன். அவரை நானும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, சொந்தக்காரன் என்று நினைத்து, ஓரமாகக் கூப்பிட்டார்.

"மூணு பேர் விழுந்த அன்னிக்கே போயிட்டாங்க. ஸ்பாட்லயே."

குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பையனுக்குக் காலும் இடுப்பும்தான் முறிஞ்சிருக்கு. நகர முடியல. கை எட்டற தூரத்துல ஓடை. அந்தத் தண்ணியக் குடிச்சே இத்தன நாள் இருந்திருக்கான்."

"இத்தன நாளுன்னா...?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து.

"உயிர் போய் ஏழு மணி நேரம்தான் ஆகுது."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு என் காதுக்குள் கூப்பிட்டவன், அப்போது சாகவே இல்லை.