வாசலில் கழற்றிய செருப்பு

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் நான் விடாமல் பார்க்கும் துப்பறியும் தொடரில், பொலிஸ்காரி உள்ளே போகுமுன் வாசலில் கிடந்த சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தாள்.

அம்மாவும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவை ஆமி பிடித்துப் போனபின், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவர்கள் கழற்றிய செருப்புகளைப் பார்ப்பார். எங்கள் ஊர்மண் சிவப்பு. ஆமி முகாம் இருந்த கடற்கரையில் வெள்ளை மணல்.

"ஆரோ தெரிஞ்ச ஆள்தான் காட்டிக் குடுத்தது," என்பார். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

"உந்தக் கொலைக் கதையில என்ன கிடக்கெண்டு பாக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"முடிவில ஆளைக் காட்டுவாங்கள்," என்றேன்.

வாசல் மணி அடித்தது. ஊர்க்காரர் ஒருவர் சிரித்தபடி சப்பாத்தைக் கழற்றினார். குனிந்து பார்த்தேன். பொட்டு மண்கூட இல்லை. அவ்வளவு சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.