கதவுக்கு இந்தப் பக்கம் துரை

வாசல் கேட்டின் சங்கிலியை உலுக்கும் சத்தம். வாட்டர் ஃபில்டர் விற்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக அதே ஆள் நிற்கிறான். புக்கிட் செந்தோசாவின் இந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். இரும்பு உரசும் அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த புக்கிட் ரோத்தான் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அம்மா எங்கள் பெயர்களை மாற்றிவிட்டாள். ஜெயந்தியான நான் துரை. தங்கை ராசு. வாசலில் ஆண் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "டேய் துரை, அப்பா கத்திய எங்கடா வச்ச?" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். ஒன்பது வயதுத் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, "இந்தா இருக்கும்மா" என்பேன். லோரியில் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்த ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நகரவில்லை. எந்த வீட்டில் யார் யார் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒரு சாயங்காலம் மூடிய கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான். சாராய வாடை உள்ளே வரை வந்தது.

"எந்தத் துரை? ரெட்டச்சடை போட்டுக்கிட்டுத் திரியுதே, அதுவா லா?"

அம்மா தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். மறுபடியும், இன்னும் உரக்க, "டேய் துரை" என்றாள். எனக்குக் குரலே எழவில்லை. கூப்பிட அவளுக்கு வேறு ஆளும் இல்லை. அன்றைக்குத் தாழ்ப்பாள் தாங்கியது. அந்த மாதமே தோட்டத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டோம்.

"அக்கா, வீட்ல ஆம்பள யாரும் இல்லையா?" என்கிறான் கேட்டில் நிற்பவன், சங்கிலியை விடாமல்.

நான் காலி வீட்டின் பக்கம் திரும்பிச் சத்தம் போடுகிறேன்.

"டேய் துரை, வந்து என்னன்னு கேளுடா."