ஜிபாரின் எலும்பில் இருந்த பாசி

புருல் அக்கா எங்கள் பிணவறை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். யாரையும் நம்பமாட்டாள். தான் ஒட்டிய சீட்டையே மூன்று முறை படிப்பாள். நான் அங்கே அறிக்கைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

பனி உருகிய மாதத்தில், நாரின் ஆற்றிலிருந்து ஜிபார் என்ற இளம்பெண்ணின் உடலை எடுத்து வந்தார்கள். தண்ணீர் மொள்ளப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் கணவன். உயிரோடு மூழ்குகிறவர் மூச்சில் ஆற்றுநீரை இழுப்பார். அதிலுள்ள நுண்பாசி ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை போய்விடும்; செத்தபின் விழுந்த உடலில் போகாது. அந்தப் பாசியின் ஓடு அமிலத்திலும் கரையாது. அக்கா தொடையெலும்பு மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து, கழுவி, நுண்ணோக்கியில் பார்த்தாள். பாசி இருந்தது. மூழ்கிச் சாவு என்று டாக்டர் சாதிர்பெக் எழுதினார். அக்காவும் கையெழுத்துப் போட்டாள். கணவனை விட்டுவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, குதிரையிலிருந்து விழுந்து மண்டை உடைந்த ஒரு மேய்ப்பரின் உடல் வந்தது. விழுந்து கிடந்தபோது அவர் கால் மட்டும்தான் ஓடைத் தண்ணீரில் இருந்தது, தலை கரையில். வழக்கப்படி சோதித்தபோது அவர் எலும்பிலும் அதே பாசி.

அக்காவுக்குப் பொறி தட்டியது. யாரோ மாதிரிகளை மாற்றுகிறார்கள் என்று நினைத்தாள். அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"என் பாக்கெட்டையும் தடவிப் பார்த்துடேன் புருல்," என்றார் டாக்டர்.

"பார்க்கணும்னா சொல்றேன் டாக்டர். இப்போதைக்கு அங்கேயே நில்லுங்க."

என்னையும் விடவில்லை. "நீ எதுக்குடா நேத்து உள்ளே வந்தே?"

"சுடுதண்ணி எடுக்கக்கா. டீ போட."

பிறகு எலும்பே இல்லாமல், வெறும் அமிலத்தையும் கழுவும் நீரையும் வைத்து அதே சோதனையைச் செய்தாள். பாசி தெரிந்தது. கழுவ வைத்திருந்த காய்ச்சி வடித்த நீர்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு, தரை துடைக்கும் கனிஷாயிடம் போனாள்.

"இதுல என்ன ஊத்தினே?"

"வடிக்கிற மிஷின் கெட்டு ரெண்டு மாசமாச்சுக்கா. புட்டி காலியா இருந்தா நீ கத்துவே. குழாய்ல பிடிச்சு வச்சேன். சுத்தமாத்தானே இருந்துச்சு?"

ஊர்க் குழாயில் வருவதும் நாரின் நீர்தான்.

அக்கா நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"விட்டுடு. எழுதினா உன் கையெழுத்தும்தான் மாட்டும்," என்றார் அவர்.

"மாட்டட்டும்."

நல்ல நீர் வரவழைத்து, குளிர்பெட்டியில் மீதமிருந்த ஜிபாரின் எலும்பைச் சோதித்தாள். பாசி இல்லை.

"பாசி இல்லேன்னா மூழ்கலைன்னு ஆயிடாது. அது உனக்கே தெரியும்," என்றார் டாக்டர்.

"தெரியும். அதான் அன்னிக்கு அறுத்து எடுத்து வச்ச கழுத்துச் சதையையும் தலைநகர் பிஷ்கேக் ஆய்வகத்துக்கு அனுப்பறேன்."

மருந்தில் ஊறிக் கிடந்த அந்தச் சதையின் அடி ஆழத்தில் ரத்தம் கட்டியிருந்ததாகப் பதில் வந்தது. விரல்கள் அழுத்திய இடம். கணவனைப் பிடித்தார்கள், இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டான்.

அக்காவுக்குத் தண்டனையாக ஒரு வருடம் பதவி இறக்கம். டாக்டர் தானே மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போனார். கழுத்தை அவர் கவனிக்காமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்று யாரும் நிரூபிக்கவில்லை. அக்கா கடைசிவரை அந்த இரண்டில் ஒன்றைத்தான் நம்பினாள்; எதை என்று என்னிடம் சொன்னதில்லை.

கோடையில் ஜிபாரின் அம்மா வந்தாள்.

"மொதல்ல ஏன் அப்படி எழுதினீங்க?"

"என் தண்ணி அழுக்கும்மா. நான் பார்க்காம விட்டுட்டேன்."

அந்த அம்மா, நான் வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போனாள். அக்கா வாசல்வரை கூடவே நடந்தாள்.