வெண்ணெய்ச் சந்தில் நின்ற பேச்சு

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பேச்சு போய், பயிற்சியால் அதைத் திரும்பப் பிடித்த அசம்ப்டா, மறுபடியும் சுற்றுலாப் பயணிகளுக்கு அயர்லாந்தின் கில்கென்னி நகரைச் சுற்றிக்காட்டக் கிளம்பினாள். இன்று தடுமாறினால் இனி இந்த வேலை இல்லை என்று அவளுக்கே தெரியும்.

கோட்டை வாசலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழைய வெண்ணெய்ச் சந்தில் நாக்கு நின்றுவிட்டது. "இங்கே அந்தக் காலத்துப் பெண்கள் விற்றது..." அதற்கு மேல் சொல் வரவில்லை. வந்தவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

சந்து முனையிலிருந்து கறிக்கடை மாலக்கி கத்தினான். "வெண்ணெய்னு சொல்லித் தொலையேன்டி! ஆஸ்பத்திரில ஓசிச் சோறு தின்னு கொழுத்துட்ட!"

"எலும்பைக் கறின்னு விக்கிறவனே, கடைக்குள்ள போடா!"

திட்டுகிற வேகத்தில் அசம்ப்டாவுக்குப் பேச்சு தங்குதடையின்றி வந்துவிட்டது. இதுவும் நாடகம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த முனையில் ரொட்டிக்கடை ப்ரீடா, அதற்கப்பால் மதுக்கடைக்காரர். அந்நேரத்தில் வாசலில் நிற்கிற ஆட்களே இல்லை அவர்கள். தான் தடுமாறினால் வம்பிழுத்துப் பேசவைக்கத்தான் நிற்கிறார்கள் என்று அசம்ப்டாவுக்கு விளங்கியது. அந்த ஊரில் நேராக நன்றி சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

"ஏன்டி ப்ரீடா, வேலைவெட்டி இல்லையா ஒனக்கு?" என்றாள் நெஞ்சு நிறைந்து.

"அடுப்புல ரொட்டி கருகுது. நீ ஒழுங்காப் பேசினா நான் உள்ள போவேன்ல?"